மொட்டை மாடியிலிருந்து நெபுலா: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியில் நேரோபேண்ட் வான் ஒளிப்படம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ராயக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தால் வடமேற்கு வானம் இரவு முழுவதும் வெளுத்தே கிடக்கும். ஓசூர் ஆலைகளின் வெளிச்சமும் அதற்கு அப்பால் பெங்களூரின் வெளிச்சமும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. அது போதாதென்று, சுற்றிலும் உள்ள சாமந்தித் தோட்டங்களில், செடி காலத்துக்கு முந்திப் பூத்துவிடாமல் தண்டு நீள வேண்டும் என்பதற்காக இரவில் பல்புகளைச் சரம் சரமாக எரியவிடுகிறார்கள். இப்படிப்பட்ட வானத்தின் கீழிருந்தே, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு நெபுலாவின், அதாவது விண்வெளி வாயு மேகத்தின், மடிப்புகளைப் படமாக எடுக்க முடியும் என்பதைப் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. முடியும், அதற்கான வழிதான் நேரோபேண்ட், அதாவது குறும்பட்டை முறை.

நெபுலாவின் நடுவே பிறந்த வெப்பம் மிகுந்த இளம் நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் அணுவோடு சேர்ந்து படிப்படியாகக் கீழிறங்கும்போது, மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும் தருணத்தில் 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி வெளிப்படுகிறது. இதை ஹைட்ரஜன்-ஆல்ஃபா என்கிறோம். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சை ஒளியைத் தருகிறது, இது ஓ-3. ஓர் எலக்ட்ரானை இழந்த கந்தகம் 672 நானோமீட்டரை ஒட்டி அடர்சிவப்பைத் தருகிறது, இது எஸ்-2. ஓ-3 கோட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் நிறமாலையில் இந்தப் பச்சைக் கோட்டைக் கண்டபோது அது எந்தத் தனிமத்துக்கு உரியது என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு ‘நெபுலியம்’ என்று இல்லாத ஒரு தனிமத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள். அது ஆக்சிஜன்தான் என்று 1927-ல் ஐரா போவன் விளக்கிய பிறகே அந்தப் பெயர் வழக்கொழிந்தது.

கணக்கு எளிது. கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது 300 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கிறது. 6 நானோமீட்டர் அகலமே உள்ள ஒரு ஃபில்டரைக் கேமராவின் முன்னால் வைத்தால், எல்லா நிறங்களிலும் சிதறிவரும் ஊர் வெளிச்சத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நெபுலாவின் ஒளியோ அந்த ஆறு நானோமீட்டருக்குள்ளேயே இருப்பதால் ஏறக்குறைய முழுவதும் வந்துசேரும். தெருவில் சோடியம் விளக்கு எரிந்த காலத்தில் அதன் மஞ்சள் ஒளியை மட்டும் வெட்டும் சாதாரண ஃபில்டர்களே ஓரளவு பயன்பட்டன, வெள்ளை எல்.ஈ.டி. எல்லா அலைநீளங்களிலும் ஒளிர்வதால் அவை இப்போது பெரிதாக உதவுவதில்லை. ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும்: ஆண்ட்ரோமெடா போன்ற விண்மீன் மண்டலங்களுக்கோ, கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலத் தூசிக்கோ இந்த முறை உதவாது, ஏனெனில் அவற்றின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவிய நட்சத்திர ஒளி. அவற்றுக்கு இருண்ட வானம் தேவை.

அத்தகைய வானத்தைத் தேடி அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகலாமே என்ற எண்ணம் இயல்பாக வரும். அது காப்புக்காடும் யானை வழித்தடமும் கலந்த பகுதி. ராகி விளையும் மாதங்களில் யானைகள் வயலுக்கே இறங்கி வருகின்றன. சிவப்பு டார்ச்சோடு இருட்டில் ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார ஏற்ற இடம் அதுவன்று. தெரிந்தவர் தோட்டத்தில், வீட்டார் அருகில் இருக்க, சாலையோரம் எடுப்பது வேறு. தொடங்குபவருக்கு வீட்டு மாடியே போதும்.

என்னென்ன வாங்க வேண்டும்

முதலில் வாங்க வேண்டியது தொலைநோக்கியும் அன்று, கேமராவும் அன்று, மவுண்ட்தான், அதாவது தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் மோட்டார் தாங்கி. பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது (ஒரு டிகிரியை 3600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). 400 மி.மீ. குவியத்தூரமுள்ள தொலைநோக்கியோடு 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவை இணைத்தால் ஒரு பிக்சல் 1.94 ஆர்க்செகண்டைப் பார்க்கிறது. (பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.265-ஆல் பெருக்கி, மி.மீ.-ல் உள்ள குவியத்தூரத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும்.) ஆக, மவுண்ட் வானத்தைப் பின்தொடராவிட்டால் ஒரே நொடியில் நட்சத்திரம் ஏறத்தாழ எட்டுப் பிக்சல் இழுபட்டுவிடும், நாம் எடுக்கப்போவதோ ஐந்து நிமிட எக்ஸ்போஷர். இதை அறியாமல் நான் முதல் ஆண்டில் எட்டு அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கியை ஓர் எளிய மவுண்டின் மேல் ஏற்றி, காற்றடித்த ஒவ்வொரு இரவிலும் அரிசிமணி போன்ற நட்சத்திரங்களையே எடுத்துக்கொண்டிருந்தேன். எச்.இ.க்யூ.5 வகையைச் சேர்ந்த ஈக்குவட்டோரியல் மவுண்ட், அதன் தாங்குதிறனில் பாதியளவு எடையோடு, பல ஆண்டுகள் போதுமானதாக இருக்கும். நல்ல மோட்டார் பைக் ஒன்று வாங்கும் மனத்தயாரிப்போடுதான் இதை அணுக வேண்டும். வாங்கும்போது அந்த மவுண்ட் எந்த அகலாங்கு (அட்சரேகை) வரை சாய்ந்து கொடுக்கும் என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நம் ஊர் 12 டிகிரிக்குச் சற்று மேலே இருப்பதால் துருவ அச்சு, அதாவது துருவத்தை நோக்கி நிற்க வேண்டிய மவுண்டின் சுழல் அச்சு, ஏறத்தாழப் படுத்த நிலையில் இருக்கும். சில மவுண்டுகள் அவ்வளவு சாயா, சிலவற்றில் எதிரெடைத் தண்டு ஸ்டாண்டின் காலில் இடிக்கும்.

தொலைநோக்கி 60 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள, நிறப்பிழை நீக்கிய லென்ஸ் வகையாக இருந்தால் போதும். கேமராவில் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, கலர் கேமராவோடு ஹைட்ரஜன்-ஆல்ஃபாவையும் ஓ-3-யையும் சேர்த்துக் கடத்தும் இரட்டைப் பட்டை ஃபில்டர். இது மலிவு, வேலையும் குறைவு. ஆனால் கலர் சென்சாரில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு என்பதால் ஹைட்ரஜன் ஒளியின் பெரும்பகுதி வீணாகிறது. மற்றொன்று, மோனோ எனப்படும் கறுப்புவெள்ளைக் கேமராவும் ஃபில்டர் சக்கரமும் தனித்தனி மூன்று ஃபில்டர்களும். கையில் பணம் இருந்தால் மோனோ, இல்லையென்றால் கலர். இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. கையில் இருக்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை அப்படியே பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதற்குள் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பான் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் கால் பங்கைத்தான் உள்ளே விடும் என்பதால், அதைக் கழற்றி மாற்றியமைத்த பிறகே அது இந்த வேலைக்குத் தகுதியாகும்.

குளிரூட்டும் வசதியுள்ள கேமரா நம் ஊருக்கு அவசியம். சென்சாரின் வெப்ப இரைச்சல் ஆறேழு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரை குளிரூட்டும் கேமராவை ஜனவரியில் மைனஸ் 10-ல் வைக்கலாம். ஏப்ரலில் 0 அல்லது மைனஸ் 5-ல் நிறுத்திக்கொள்வது நல்லது. இவற்றோடு, மவுண்ட் விலகுவதைக் கண்டு உடனுக்குடன் திருத்த உதவும் வழிகாட்டுக் கேமராவும் அதற்குரிய சிறு தொலைநோக்கியும், பனி படியாமல் லென்ஸைச் சூடாக்கும் பட்டையும், 12 வோல்ட் லித்தியம் பேட்டரியும் வேண்டும். பேட்டரியை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம்; நள்ளிரவில் ஒரு நிமிடம் கரண்ட் போனாலும் மவுண்ட் தான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை மறந்துவிடும்.

மாடியைத் தயார்செய்தல்

பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் எழும் காற்று நட்சத்திரங்களை நடுங்க வைக்கும். மாலை ஐந்து மணிக்கே நான்கு குடம் தண்ணீர் ஊற்றித் தளத்தைக் குளிரவைத்துவிட வேண்டும். ஸ்டாண்டின் மூன்று கால்களும் நிற்கும் இடங்களைப் பெயிண்டால் குறித்து வைத்தால், ஒவ்வொரு இரவும் மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்கும் துருவச் சீரமைப்பு அரை மணியிலிருந்து ஐந்து நிமிடமாகக் குறையும். எக்ஸ்போஷர் நடக்கும்போது யாரும் மாடியில் நடக்கக் கூடாது. காயப்போட்ட துணியை எடுக்க வருபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது குடும்ப அமைதிக்கும் நல்லது.

துருவச் சீரமைப்பில்தான் நம் பகுதிக்கே உரிய சிக்கல் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பன்னிரண்டரை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்தால் அது பத்து டிகிரி; அதற்கு ஒன்றரை விரல்கடை மேலே துருவ நட்சத்திரம். எங்கள் வீட்டில் சரியாக அந்த இடத்தில் பக்கத்து வீட்டின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. மலையோ தென்னையோ மறைத்தால் உங்களுக்கும் இதே நிலைதான். வெளிநாட்டுக் காணொளிகள் சொல்லும் துருவத் தொலைநோக்கி முறையைக் கைவிட்டு, இலவச மென்பொருளான நினாவில் உள்ள மூன்றுபுள்ளிச் சீரமைப்பைப் பயன்படுத்துங்கள். அது துருவ நட்சத்திரத்தைக் கேட்பதே இல்லை. வானத்தில் தெரியும் ஏதோ ஒரு பகுதியில் மவுண்டைத் திருப்பித் திருப்பி மூன்று படங்களை எடுத்து, அவற்றில் உள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும். நீங்கள் திருகுகளைத் திருப்பத் திருப்பத் திரையில் பிழை குறைந்துகொண்டே வரும். ஒரு ஆர்க்மினிட்டுக்குள் (60 ஆர்க்செகண்ட்) வந்ததும் நிறுத்திவிடலாம்.

முதல் இலக்கு

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். மே மாதத்துக்குப் பிறகு அக்டோபர், நவம்பர் வரை மேகத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே காலம் போகும். முதல் இலக்காக நான் எல்லோருக்கும் சொல்வது ரோஜாப் பூப் போன்ற வடிவமுள்ள ரோசெட் நெபுலா. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பதேகால் மணிக்கு அது நம் தலைக்கு நேர் மேலிருந்து எட்டு டிகிரி விலகித்தான் இருக்கும். அதாவது காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாக, ஓசூர் வெளிச்சத்துக்கு எட்டாத இடத்தில். அதன் அகலம் சுமார் 1.3 டிகிரி. மேலே சொன்ன 400 மி.மீ. தொலைநோக்கியோடு 3008 பிக்சல் சதுரமுள்ள ஐ.எம்.எக்ஸ்.533 சென்சாரை வைத்தால் படத்தின் அகலம் 1.6 டிகிரி, பூ முழுதாக அடங்கும். உச்சியைக் கடக்கும்போது மவுண்ட் மறுபுறம் திரும்ப வேண்டியிருப்பதாலும், அப்போது குழாயின் பின்பகுதி ஸ்டாண்டின் காலுக்கு மிக அருகில் வருவதாலும், பகலிலேயே ஒருமுறை கையால் திருப்பிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கேபிள்களுக்கும் இது பொருந்தும்.

மார்ச், ஏப்ரலில் கரீனா நெபுலாவை எடுக்கலாம். தெற்கே 18 டிகிரி உயரம் வரை அது எழும்பும். 15 டிகிரிக்கு மேல் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். டெல்லியில் இருப்பவருக்கு அது அடிவானத்தை உரசிவிட்டுப் போய்விடும். ஜவ்வாது மலையில், நம் மாவட்டத்தின் பக்கத்திலேயே இருக்கும் காவலூர் வான் ஆய்வகத்தின் சிறப்பும் இதுதான்: 1986 முதல் இயங்கும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி வடவானத்தையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய அகலாங்கில் நிற்கிறது. அதே அகலாங்கு நம் மாடிக்கும் உண்டு.

ஓர் இரவின் வேலை

ஏழே முக்காலுக்கு வானம் முழுதும் இருண்டுவிடும். ஒளிமிக்க ஒரு நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி, பாட்டினோவ் மூடியைக் குழாயின் முன்னால் மாட்டினால் நட்சத்திரத்திலிருந்து மூன்று ஒளிக்கோடுகள் தோன்றும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வரும்வரை ஃபோகஸைத் திருகுங்கள். மூடியைக் கழற்ற மறக்காதீர்கள். ஃபில்டரை மாற்றும்போதும், இரவு குளிரக் குளிர மணிக்கு ஒருமுறையும் ஃபோகஸைச் சரிபார்க்க வேண்டும். பிறகு பி.எச்.டி.2 மென்பொருளில் வழிகாட்டலைத் தொடங்குங்கள். அது காட்டும் மொத்தப் பிழை உங்கள் பிக்சல் அளவைவிடக் குறைவாக, இயன்றால் ஒரு ஆர்க்செகண்டுக்குள் இருக்க வேண்டும். மூன்று படத்துக்கு ஒருமுறை தொலைநோக்கியைச் சில பிக்சல்கள் நகர்த்தச் சொல்லும் ‘டிதரிங்’ வசதியையும் இயக்குங்கள். சென்சாரின் நிரந்தரப் புள்ளிகள் ஒரே இடத்தில் குவியாமல் அது காக்கும்.

533 கேமராவில் கெய்ன் (சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) 100, எக்ஸ்போஷர் 300 நொடி என்பது நல்ல தொடக்கம். முதல் படம் திரையில் வரும்போது மனம் தளர வேண்டாம். சில வெள்ளைப் புள்ளிகளைத் தவிர முழுக் கறுப்பாகத்தான் இருக்கும். திரையில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிக்காட்டும் தானியங்கிப் பொத்தானை அழுத்தினால், கறுப்புக்குள்ளிருந்து ஒரு வளையமும், அதன் நடுவே வெறுமையான குழியும், குழியில் கைப்பிடி நட்சத்திரங்களும் மெல்ல எழுந்துவரும். அந்த நட்சத்திரங்களிலிருந்து வீசும் துகள் காற்றுதான் அந்தக் குழியைக் குடைந்தது.

இரைச்சல் குறைவது மொத்த நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான். படம் இருமடங்கு தெளிவாக வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் எடுக்க வேண்டும். ஆகவே ஒரே இரவில் மூன்று நெபுலாக்கள் என்று ஓடாமல், ஒரே நெபுலாவுக்கு நான்கைந்து இரவுகளைக் கொடுங்கள். ரோசெட்டுக்கு ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் 4 மணி நேரம், அதாவது 48 படங்கள்; ஓ-3 மங்கலானது, எனவே 8 மணி; எஸ்-2 எடுப்பதாக இருந்தால் அதற்கும் 8 மணி. நிலா உள்ள இரவுகளில் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவையும் எஸ்-2-வையும் எடுங்கள். நிலவொளி நீலப்பச்சையில் அதிகம் சிதறுவதால் ஓ-3-க்கு அமாவாசையை ஒட்டிய இரவுகளை ஒதுக்கிவிடுங்கள்.

கருவியைக் கலைப்பதற்கு முன், படத்தின் ஓர இருளையும் தூசி நிழலையும் நீக்க உதவும் ஃப்ளாட் படங்களை எடுத்தே ஆக வேண்டும். வெள்ளை வேட்டியை நான்காக மடித்துக் குழாயின் வாயில் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, அதன் மேல் படம் வரையப் பயன்படும் எல்.ஈ.டி. பலகையை வைத்து, சராசரி ஒளியளவு 65,535-ல் 25,000 முதல் 30,000-க்குள் வரும்படி எக்ஸ்போஷரைச் சரிசெய்து, ஃபில்டருக்கு 25 படங்கள் எடுங்கள். ஒருமுறை தூக்கம் தாங்காமல், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கேமராவைக் கழற்றிவிட்டேன். கல்குவாரித் தூசி நிறைந்த ஊர் இது. அந்தப் படம் முழுவதும் உளுந்து வடை போன்ற நிழல் வளையங்கள். மறுநாள் எடுத்த ஃப்ளாட்டால் அவற்றில் ஒன்றைக்கூட நீக்க முடியவில்லை, ஏனெனில் கேமராவைத் திரும்ப மாட்டியபோது வளையங்கள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டன. சென்சாரே உண்டாக்கும் புள்ளிகளைக் கழிப்பதற்காக மூடியை மாட்டி எடுக்கும் டார்க் படங்களுக்கு இந்த அவசரம் இல்லை. அதே வெப்பநிலை, அதே கெய்ன், அதே 300 நொடியில் முப்பது படங்களை ஒரு மழை நாளில் வீட்டுக்குள்ளேயே எடுத்துச் சேமித்துக்கொள்ளலாம். ஃப்ளாட் எக்ஸ்போஷர் அளவிலும் தனியாக டார்க் எடுத்துவையுங்கள்.

படத்தைச் செதுக்குதல்

இலவச மென்பொருளான சிரில் தொடங்குபவருக்கு முழுதும் போதும். விலைகொடுத்து வாங்கும் பிக்ஸ்இன்சைட்டைப் பற்றி அடுத்த ஆண்டு யோசிக்கலாம். முதலில் எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, மேகம் புகுந்தவற்றையும் நட்சத்திரம் நீண்டவற்றையும் தயங்காமல் நீக்குங்கள். செயற்கைக்கோள் கோடு விழுந்த படத்தை நீக்க வேண்டியதில்லை. பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும்போது ஒன்றில் மட்டும் இருக்கும் அந்தக் கோட்டைக் கணக்கே தள்ளிவிடும். ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனித்தனியாக அடுக்கிக் கிடைத்த மூலப்படங்களை, ஹைட்ரஜன்-ஆல்ஃபாவை ஆதாரமாக வைத்து ஒன்றோடொன்று பொருத்தி, ஓரங்களை வெட்டிவிடுங்கள். கலர் கேமராவில் எடுத்தவர்களுக்கு ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துத் தரும் ஸ்கிரிப்ட் சிரிலிலேயே இருக்கிறது.

அடுத்து, ஓசூர்ப் பக்க வெளிச்சம் படத்தின் ஒரு மூலையில் ஏற்றியிருக்கும் சாய்வை நீக்க வேண்டும். சிரிலிலும் கிராக்ஸ்பர்ட் என்ற மென்பொருளிலும் இதற்கு வசதி உண்டு. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: பின்னணி என்று நினைத்து நெபுலாவின் மேலேயே மாதிரிப் புள்ளிகளை வைத்துவிடுவது. அப்படி வைத்தால் மென்பொருள் நெபுலாவையே சுரண்டி எடுத்துவிடும். ரோசெட் படத்தை நிறைத்து நிற்பதால் மூலைகளில் மட்டும் புள்ளிகளை வையுங்கள்.

இனி ஸ்டார்நெட் என்ற மென்பொருளைக் கொண்டு நட்சத்திரங்களைத் தனிப் படமாகப் பிரித்து எடுங்கள். ஓ-3-யை வெளிச்சமாக்க இழுக்கும்போது நட்சத்திரங்கள் ஊதிப் பருத்துவிடும் என்பதால்தான் இந்தப் பிரிப்பு. பிரித்த பிறகு ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியாக, பலமுறை சிறிது சிறிதாக இழுத்து, இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும்படி செய்யுங்கள். சிவப்பில் ஹைட்ரஜன், பச்சையிலும் நீலத்திலும் ஆக்சிஜன் என்று சேர்த்தால் ‘எச்.ஓ.ஓ.’ படம் கிடைக்கும்: சிவந்த இதழ்களும் நீலம் பாய்ந்த நடுவும். எஸ்-2-வும் இருந்தால் சிவப்பில் கந்தகம், பச்சையில் ஹைட்ரஜன், நீலத்தில் ஆக்சிஜன். ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் 1995-ல் ஹப்பிள் தொலைநோக்கியால் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் உலகப்புகழ் பெற்றது இந்த நிறப் பங்கீட்டில்தான். இவை கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் அல்ல. எந்த வாயு எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபட நிறங்கள். படத்தைப் பகிரும்போது அதைக் குறிப்பிட்டுவிடுவதே முறை என்பது என் கருத்து.

இந்தப் பங்கீட்டில் ஹைட்ரஜன் மிகுதியால் படம் முதலில் கீரை மசியலைப் போல் பச்சையாக இருக்கும். பச்சை நீக்கும் கருவியைப் பாதி அளவில் இயக்கினால் அது பொன்னிறத்துக்குத் திரும்பும். முழு அளவில் இயக்கினால் நெபுலாவின் வெளிவிளிம்பில் உள்ள மென்மையான அடுக்குகள் காணாமல் போகும். இரைச்சல் நீக்கியையும் குறைவாகவே பயன்படுத்துங்கள். வாயு மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகத் தோன்றினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். பின்னணியை முழுக் கறுப்பாக்காமல் 255-ல் 20, 25 அளவில் விடுங்கள். கடைசியாக, பிரித்துவைத்த நட்சத்திரங்களைக் கொஞ்சம் மட்டுப்படுத்தித் திரும்பச் சேருங்கள். மூன்று ஃபில்டர் படத்தில் அவை ஊதா நிறமாக வந்தால், எச்.ஓ.ஓ. சேர்க்கையில் கிடைத்த நட்சத்திரங்களை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.

முடிந்த படத்தை ஜேபெக்காகப் பகிர்ந்துவிட்டு மூலங்களை அழித்துவிடாதீர்கள். ஒரு படம் 18 எம்.பி. என்றால் 48 படங்களுக்கு ஒரு ஜி.பி.கூட ஆகாது. அளவுதிருத்தப்பட்ட தனிப்படங்களையும் ஒவ்வொரு ஃபில்டரின் 32 பிட் மூலப்படத்தையும் தேதியோடு பெயரிட்டு வன்தட்டில் வையுங்கள். அடுத்த ஜனவரியில் நினாவிடம் இந்தப் பழைய படத்தையே காட்டினால், அது தொலைநோக்கியை அதே இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, கேமராவை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்றும் சொல்லும். ஓ-3-க்கு இன்னும் எட்டு மணி நேரத்தை அங்கிருந்து சேர்க்கத் தொடங்கலாம். அந்த இரவுகளுக்கான ஃப்ளாட்டை மட்டும் புதிதாக எடுக்க வேண்டும்.